என் பிராங்க் தாமஸ் அந்த பிராங்க் தாமஸ் இல்லை

2020 அக்டோபர். ஆபீஸ், வீடு, பள்ளிக்கூடம் மூன்றும் ஒரே சாப்பாட்டு மேஜையில் நடந்துகொண்டிருந்த காலம். அமீரகத்தில் நடந்த ஐபிஎல் எங்களுக்கு நியூஜெர்சியில் காலை பத்து மணிக்கே ஆரம்பித்து மதியத்துக்குள் முடிந்துவிடும். ராத்திரிக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. அப்படித்தான், இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷமாக அண்டவிடாமல் வைத்திருந்த பேஸ்பாலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பாதி விதிகள் தெரியாது. சத்தம் இருந்தால் போதும் என்ற நிலைமை.

ஆறாவது இன்னிங்ஸ். வில் ஸ்மித் பந்து வீச வருகிறார் என்றார் வர்ணனையாளர். அடுத்த நிமிஷம், வில் ஸ்மித் மட்டையோடு வருகிறார் என்றார். சமையலறையில் இருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, அந்த ஆளு ஒரே பேரையே சொல்லிக்கிட்டிருக்காரே. டிவி மாட்டிக்கிச்சா?”

டிவி நன்றாகத்தான் இருந்தது. அட்லாண்டா பிரேவ்ஸுக்கு வீசிய இடது கைக்காரர் வில் ஸ்மித். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் கேட்சர் வில் ஸ்மித். டாட்ஜர்ஸ் அந்தத் தொடரில் மூன்றுக்கு ஒன்று என்று பின்தங்கி, இந்த ஆட்டமும் போனால் மூட்டை கட்ட வேண்டிய நிலையில் இருந்தது. இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் பேஸில். கேட்சர் ஸ்மித் அடித்த பந்து இடது பக்கச் சுவரைத் தாண்டிப் போனது. மூன்று ரன். வில் ஸ்மித் பந்தில் வில் ஸ்மித் ஹோம் ரன். பிளே ஆஃப் வரலாற்றில் ஒரே பெயருள்ள பிட்சரும் பேட்டரும் நேருக்கு நேர் நின்றது அதுதான் முதல் தடவை என்று திரும்பத் திரும்பக் காட்டினார்கள். டாட்ஜர்ஸ் அந்த ஆட்டத்தை ஜெயித்து, தொடரை ஜெயித்து, கடைசியில் வேர்ல்ட் சீரிஸையும் ஜெயித்தது.

அதோடு நின்றிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இல்லை. அடுத்த வருஷம், 2021-ல், அதே அடி வாங்கிய பிட்சர் ஸ்மித் அட்லாண்டாவுக்காக வேர்ல்ட் சீரிஸின் கடைசி அவுட்டை எடுத்தார். 2022-ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் ஜெயித்தபோது அந்த அணியில் இருந்தார். 2023-ல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் ஜெயித்தபோது அங்கே இருந்தார். மூன்று வருஷம், மூன்று அணி, மூன்று மோதிரம். அவர் ஓய்ந்த இடத்தில் கேட்சர் ஸ்மித் பிடித்துக்கொண்டார். டாட்ஜர்ஸ் 2024-ல் ஜெயித்தது, 2025-லும் ஜெயித்தது. 2025-ன் ஏழாவது ஆட்டத்தில், டொராண்டோவில், பதினோராவது இன்னிங்ஸில் வெற்றி ரன்னை ஹோம் ரன்னாக அடித்ததும் அவரேதான். ஆக 2020 முதல் 2025 வரை ஆறு வருஷமாக, வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்த அணியில் தவறாமல் ஒரு வில் ஸ்மித் இருந்திருக்கிறார். அணி உரிமையாளராக இருந்தால் நான் வேறு எதையும் பார்க்க மாட்டேன். அந்தப் பெயரில் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவேன்.

அந்த 2020 ஆட்டத்துக்கு மறுநாள் வேலியோரம் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இந்த வில் ஸ்மித் கதையைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். எழுபதைத் தொட்டவர், நியூயார்க் மெட்ஸ் ரசிகர். இலை வாரிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஒரு அணிக்கு ஒரு ஸ்மித்தா? எங்கள் அணியில் இரண்டு பாப் மில்லர் இருந்தார்கள். ஒரே வருஷம். ஒரே அறை” என்றார்.

நான் பேஸ்பாலில் விழுந்தது அந்த வேலியோரத்தில்தான்.

1962 மெட்ஸ் என்றாலே இங்கே ஒரு சிரிப்பு வரும். புதிதாகத் தொடங்கிய அணி. 40 ஆட்டம் ஜெயித்து 120 ஆட்டம் தோற்றது. மேனேஜர் கேசி ஸ்டெங்கல். யாங்கீஸுக்கு ஏழு வேர்ல்ட் சீரிஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, எழுபதை ஒட்டிய வயதில் இந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டவர். அந்த அணியில் பாப் மில்லர் என்று இரண்டு பிட்சர்கள். ராபர்ட் லேன் மில்லர் வலது கை. ராபர்ட் ஜெரால்ட் மில்லர் இடது கை. வெளியூர்ப் பயணத்தில் இரண்டு பேரையும் ஹோட்டலில் ஒரே அறையில் போட்டுவிட்டார்கள். பாப் மில்லருக்கு போன் என்று யார் கேட்டாலும் அந்த அறைக்கு இணைப்புக் கொடுத்தால் வேலை முடிந்தது. யாருக்கு என்று உள்ளே அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும்! நிர்வாகம் என்றால் இதுதான் நிர்வாகம்.

ஸ்டெங்கலுக்குப் பெயர்கள் நாக்கில் நிற்காது. மில்லர்களில் ஒருவரை அவர் நெல்சன் என்றே கூப்பிடுவார். மெட்ஸ் வர்ணனையாளரின் பெயர் லிண்ட்ஸி நெல்சன். அது எப்படியோ மில்லர் மேல் ஒட்டிக்கொண்டது. ஆட்ட நடுவில் புல்பென்னுக்கு, அதாவது மாற்று பிட்சர்கள் கை சூடேற்றும் இடத்துக்கு, போன் வருமாம். நெல்சனைத் தயார் பண்ணு என்று உத்தரவு. அணியில் நெல்சன் என்று ஒருவரும் கிடையாது. போனை எடுத்த கேட்சர் ஜோ பிக்னட்டானோ ஒரு பந்தை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, நெல்சனைக் கேட்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்வாராம். மில்லர் பேசாமல் எழுந்து வந்து பந்தை எடுத்துக்கொள்வாராம். பெரியவர் இதைச் சொல்லும்போது வாருகோலைக் கீழே போட்டு, குனிந்து, இல்லாத பந்தை எடுத்துக் காட்டினார். கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் சொல்லியிருப்பார்கள். பேஸ்பால்காரர்கள் கதையை மெருகேற்றாமல் வெளியே விடுவதில்லை.

வலது கை மில்லருக்கு அந்த வருஷம் ஒரு வெற்றி, பன்னிரண்டு தோல்வி. அந்தப் பன்னிரண்டும் வரிசையாக வந்து, சீசன் முடியப்போகும் நேரத்தில்தான் அந்த ஒற்றை வெற்றி வந்தது. ஆனால் அவரைத் தோற்றாங்கொள்ளி என்று எழுதிவிடக் கூடாது. அடுத்த வருஷமே டாட்ஜர்ஸுக்குப் போய் 1963-லும் 1965-லும் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்த அணியில் இருந்தார், 1971-ல் பிட்ஸ்பர்க்கில் இன்னொன்று. பத்து அணிகளுக்கு ஆடிவிட்டு, 1974-ல் மறுபடி மெட்ஸுக்கு வந்துதான் முடித்தார்.

எனக்கு இதில் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று. அவர் பிறந்தபோது மில்லரே இல்லை. குடும்பப் பெயர் க்மைன்வைசர். ஜெர்மானிய உச்சரிப்பு, வாய்க்குள் போட்டு இரண்டு முறை உருட்டினால்தான் வெளியே வரும். ராபர்ட் க்மைன்வைசர் என்றே அவர் இருந்திருந்தால் பேஸ்பாலின் நூற்றைம்பது வருஷத்தில் அந்தப் பெயருக்குப் போட்டியே இருந்திருக்காது. அதை விட்டு மில்லர் ஆனார். ஆனதும், அதே பெயரில் இன்னொருவரோடு ஒரே அறையில் படுக்க வேண்டியதாயிற்று.

பெரியவர் சொன்னதில் எனக்குச் சந்தேகம் வந்து கணினியில் உட்கார்ந்து தோண்ட ஆரம்பித்தேன். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு மெட்ஸ்தான் தாய்வீடு போல. பாப் கிப்ஸன் என்றால் 1968-ல் ஆட்டத்துக்கு சராசரியாக 1.12 ரன் மட்டுமே கொடுத்து, பேட்டர்களை நடுங்க வைத்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் மேதை. மெட்ஸிலும் 1987-ல் ஒரு பாப் கிப்ஸன் வீசினார். ஒரே ஒரு ஆட்டம். அந்த கிப்ஸன் இல்லை. மைக் மார்ஷல் என்று ஒரு பிட்சர், 1974-ல் டாட்ஜர்ஸுக்காக 106 ஆட்டங்களில் வீசியவர், அந்தச் சாதனை இன்னும் அப்படியே நிற்கிறது. 1981-ல் மெட்ஸுக்கு வந்தார். மைக் மார்ஷல் என்று ஒரு பேட்டர், அவரும் டாட்ஜர்ஸ். 1990-ல் மெட்ஸுக்கு வந்தார். இரண்டு மார்ஷல்களும் ஒரே வழித்தடத்தில், ஒன்பது வருஷ இடைவெளியில்.

கிறிஸ் யங் இரண்டு பேர். ஒருவர் ஆறடி பத்து அங்குல உயரப் பிட்சர், பிரின்ஸ்டனில் படித்தவர், 2011-லும் 2012-லும் மெட்ஸ். இன்னொருவர் அவுட்ஃபீல்டர், 2014-ல் மெட்ஸ். பிட்சர் யங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2015 வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டம் பதினான்கு இன்னிங்ஸ் இழுத்தது. அதில் கன்சாஸ் சிட்டி ராயல்ஸுக்காக வீசி ஜெயித்த பிட்சர் அவர். தோற்றது யார்? மெட்ஸ். பெரியவர் இதை இன்னும் மன்னிக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு அதே யங் டெக்சஸ் ரேஞ்சர்ஸின் ஜெனரல் மேனேஜர் ஆனார். 2023-ல் வில் ஸ்மித்துக்கு மூன்றாவது மோதிரம் கிடைத்த அணியைக் கட்டியவர் அவர்தான். பெயர் இரவல் கொடுத்து வாங்கியவர்கள் எல்லாம் ஒரு இடத்தில் வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

பெத்ரோ மார்ட்டினெஸ் என்றதும் எல்லோருக்கும் ஒருவர்தான் ஞாபகம் வருவார். 1997, 1999, 2000 என்று மூன்று முறை சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, 2004-ல் பாஸ்டனின் 86 வருஷ ஏக்கத்தைத் தீர்த்த அணி, 2015-ல் ஹால் ஆஃப் ஃபேம். அவரும் கடைசிக் காலத்தில் மெட்ஸ். அவருக்கு ஒன்பது வருஷம் முன்னால், 1996-ல், மெட்ஸில் இன்னொரு பெத்ரோ மார்ட்டினெஸ் வீசியிருக்கிறார். இடது கை. அவரும் டொமினிக்கன் குடியரசுதான். பேஸ்பால் புள்ளிவிவரத் தளத்தில் ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அடையாளக் குறி உண்டு. குடும்பப் பெயரில் ஐந்து எழுத்து, முதல் பெயரில் இரண்டு எழுத்து, அப்புறம் 01, 02 என்று ஒரு எண். போய்ப் பாருங்கள். மூன்று சை யங் வாங்கிய மகானுக்கு 02. இடது கைக்காரருக்கு 01. எண் போட்ட இயந்திரத்துக்கு யார் பெரியவர் என்று தெரியாது. அதனாலேயே அதன் மேல் எனக்கு ஒரு பிரியம்.

ஆனால் மில்லர்களுக்கு நிஜமான வாரிசு ஜோன்ஸ்கள்தான். பாபி ஜே. ஜோன்ஸ், கலிபோர்னியாவில் ஃப்ரெஸ்னோக்காரர், வலது கை. பாபி எம். ஜோன்ஸ், நியூஜெர்சிக்காரர், இடது கை. 1999-ல் டென்வரில் இரண்டு பேரும் எதிரெதிர் அணிகளின் தொடக்கப் பிட்சர்களாக இறங்கினார்கள். ஒருவர் மெட்ஸ், ஒருவர் கொலராடோ ராக்கீஸ். கொலராடோ ஜோன்ஸ் ஜெயித்தார். அடுத்த ஜனவரியில் மெட்ஸ் என்ன செய்தது? அந்த ஜோன்ஸையும் வாங்கிப் போட்டது! நம் ஊரில் வாத்தியார் இனிஷியலைச் சேர்த்துக் கூப்பிடுவாரே, அதே வழிதான். பலகையில் ஜே. ஜோன்ஸ், எம். ஜோன்ஸ்.

2000-ன் முதல் பாதி ஜே. ஜோன்ஸுக்கு நரகம். அடி மேல் அடி வாங்கி, ஜூனில் கீழ்நிலை அணிக்கு அனுப்பிவிட்டார்கள். முப்பது வயதில், ஆல் ஸ்டார் ஆடிய ஒரு பிட்சரை நார்ஃபோக்குக்குப் பஸ் ஏற்றுவது சாதாரண அவமானம் இல்லை. போய்விட்டுத் திரும்பி வந்தார். அக்டோபர் 8, ஷே ஸ்டேடியம், சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு எதிரான பிளே ஆஃப் தொடரின் நான்காவது ஆட்டம். எதிரணியில் பாரி பாண்ட்ஸ், ஜெஃப் கென்ட். வேகம் என்று சொல்லும்படி அவரிடம் ஒன்றும் கிடையாது. மெதுவான பந்து, வளையும் பந்து, மூலையைத் தொட்டுப் போகும் பந்து. ஐந்தாவது இன்னிங்ஸில் கென்ட் அடித்த ஒரு டபுள், அவ்வளவுதான். ஒன்பது இன்னிங்ஸையும் அவரே வீசி முடித்தார். ஒரே ஒரு ஹிட். கடைசி பேட்டர் பாண்ட்ஸ். சென்டர் ஃபீல்டுக்குத் தூக்கி அடித்தார், பிடித்துவிட்டார்கள். பெரியவர் அன்றைக்கு மைதானத்தில் இருந்தாராம். “இருபது வருஷத்தில் அந்த மாதிரி சத்தம் கேட்டதில்லை” என்று சொல்லிவிட்டு, “ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என் மச்சான் போன் பண்ணி, எந்த ஜோன்ஸ் என்று கேட்டான்” என்றார்.

ஒரே ஹிட் கொடுத்துத் தொடரை முடித்துவிட்டு வந்தாலும் அந்தக் கேள்வியில் இருந்து தப்ப முடியவில்லை. 2002-ல் சான் டியாகோ பேட்ரேஸிலும் இரண்டு ஜோன்ஸ்களும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். அந்த வருஷத்தோடு ஜே. ஜோன்ஸ் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார்.

ஜோன்ஸ், மில்லர், ஸ்மித், யங். ஆங்கிலப் பெயர்களின் பையே சின்னது. அதில் பாதியைக் குறுக்கி பாப், பாபி, வில், மைக் என்று வேறு ஆக்கிவிடுகிறார்கள். லத்தீன் அமெரிக்கர்கள் வந்த பிறகு இன்னொரு கணக்கு சேர்ந்தது. அவர்களுக்கு அப்பாவின் குடும்பப் பெயர், பிறகு அம்மாவின் குடும்பப் பெயர் என்று இரண்டு உண்டு. அமெரிக்கக் காகிதங்களில் ஒன்றுக்குத்தான் இடம். அம்மா பெயர் விழுந்துவிடும். மிஞ்சுவது கார்சியா, கொன்சாலஸ், மார்ட்டினெஸ். ஹோசே கொன்சாலஸ் உரிபே என்று ஒரு டொமினிக்கன் ஷார்ட் ஸ்டாப், 1984-ல் ஹோசே கொன்சாலஸாக ஆட வந்தார். அடுத்த வருஷம் அவரை சான் பிரான்சிஸ்கோவுக்குக் கைமாற்றினார்கள். சுற்றிலும் எத்தனை கொன்சாலஸ் என்று பார்த்தாரோ என்னவோ, அம்மா பெயரை எடுத்துக்கொண்டு ஹோசே உரிபே ஆகிவிட்டார். இங்கே வீரர்களைக் கைமாற்றும்போது, இன்னாருக்குப் பதில் இன்னார், கூடவே “பெயர் பிறகு அறிவிக்கப்படும்” ஒரு வீரர் என்று எழுதுவது வழக்கம். உரிபேதான் அந்த வரிக்கு நூறு சதவீதம் பொருந்திய ஒரே ஆள் என்று அவர் அணியிலேயே கிண்டல் செய்தார்களாம்.

பெயரை மாற்றாத இரண்டு கொன்சாலஸ்கள் 2003-ல் ஒருவருக்கொருவர் எதிரே வந்து நின்றார்கள். எனக்கு இந்த வரிசையில் மனதைப் பிசைவது இவர்கள் கதைதான்.

சிகாகோ கப்ஸின் ஷார்ட் ஸ்டாப் அலெக்ஸ் கொன்சாலஸ், மயாமியில் பிறந்தவர். ஃப்ளோரிடா மார்லின்ஸின் ஷார்ட் ஸ்டாப் அலெக்ஸ் கொன்சாலஸ், வெனிசுவேலாக்காரர். கப்ஸ் 1908-க்குப் பிறகு அதுவரை வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்திருக்கவில்லை. 1945-க்குப் பிறகு அதற்குள் நுழைந்திருக்கவே இல்லை. 2003 அக்டோபர் 14, ரிக்லி ஃபீல்ட், வேர்ல்ட் சீரிஸுக்குள் நுழைவதற்கான தொடரின் ஆறாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் கப்ஸ் மூன்று ரன் முன்னிலை. இன்னும் ஐந்து அவுட். இடது ஓரமாக ஒரு பந்து உயரப் போகிறது. பிடிக்க எம்பிய கப்ஸ் வீரருக்குக் கிடைக்காமல், வரிசையில் உட்கார்ந்திருந்த ரசிகர் ஒருவரின் கையில் பட்டுத் தெறிக்கிறது. பாவம், அந்த மனிதரைப் பத்து வருஷத்துக்கு மேல் ஊரே சபித்தது. அதற்கப்புறம் நடந்ததை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மிகெல் கப்ரேரா ஷார்ட் ஸ்டாப் பக்கம் ஒரு பந்தை உருட்டினார். இரண்டு அவுட் எடுத்து இன்னிங்ஸையே முடிக்கக்கூடிய பந்து. கப்ஸின் கொன்சாலஸ் கைநழுவ விட்டார். அந்த சீசன் முழுக்கக் கை சுத்தமாக இருந்தவர். எட்டு ரன் போனது, ஆட்டம் போனது, மறுநாள் தொடரும் போனது.

எட்டு நாள் கழித்து, மயாமியில், வேர்ல்ட் சீரிஸ் நான்காவது ஆட்டம். யாங்கீஸும் மார்லின்ஸும் மூன்று மூன்று. பன்னிரண்டாவது இன்னிங்ஸ். பேட்டிங்கில் சுத்தமாக வறண்டு கிடந்த மார்லின்ஸின் கொன்சாலஸ் வந்தார். இடது சுவரை மயிரிழையில் தாண்டியது பந்து. ஆட்டம் முடிந்தது. மார்லின்ஸ் கோப்பையும் வாங்கியது. மயாமியில் பிறந்தவர் சிகாகோவில் பந்தை விட்டார். வெனிசுவேலாவில் இருந்து வந்தவர் மயாமிக்கு ஜெயித்துக் கொடுத்தார். அன்றைய செய்தித்தாளை எடுத்து அலெக்ஸ் கொன்சாலஸ் ஹோம் ரன் என்ற தலைப்பைப் பார்த்திருந்தால் அந்த சிகாகோக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்?

மேனேஜர்களை விட்டுவிட்டால் பெரியவர் கோபித்துக்கொள்வார். ஜோ மார்கன் என்று சொன்னால் சின்சினாட்டி ரெட்ஸின் அந்தக் குள்ளமான, பேட்டிங்கின்போது இடது முழங்கையைக் கோழிச் சிறகு மாதிரி அடித்துக்கொள்ளும் மேதைதான். 1975 வேர்ல்ட் சீரிஸ், ஏழாவது ஆட்டம், பாஸ்டன். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட்டான பிறகு அவர் அடித்த சிங்கிளில்தான் ரெட் சாக்ஸ் தோற்றது. அப்போது பாஸ்டனின் கீழ்நிலை அணியான பாட்டக்கெட்டில் ஒரு மேனேஜர் இருந்தார். பெயர் ஜோ மார்கன்! பக்கத்து ஊரான வால்போலில் பிறந்து வளர்ந்தவர். குளிர்காலத்தில் மாசசூசெட்ஸ் நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். 1981-ல் பாட்டக்கெட்டும் ரோச்செஸ்டரும் ஆடிய 33 இன்னிங்ஸ் ஆட்டம் தொழில்முறை பேஸ்பாலிலேயே நீளமானது. அம்பயரோடு சண்டை போட்டு 22-வது இன்னிங்ஸில் வெளியேற்றப்பட்ட மார்கன், வீட்டுக்குப் போகாமல் பின்சுவரில் இருந்த ஓட்டை வழியாக மீதியைப் பார்த்தாராம். விடிகாலை நான்கு மணிக்கு ஆட்டத்தை நிறுத்தியபோது பார்வையாளர்கள் 19 பேர்.

1988 ஜூலையில் ரெட் சாக்ஸ் தன் மேனேஜரை நீக்கிவிட்டு, அப்போது அணியின் பயிற்சியாளராக இருந்த இவரைத் தற்காலிகமாக உட்கார வைத்தது. வந்ததும் தொடர்ந்து பன்னிரண்டு வெற்றி. இருபது ஆட்டங்களில் பத்தொன்பது. தற்காலிகம் என்ற சொல் காணாமல் போனது. அந்த வருஷமும் 1990-லும் தன் பிரிவில் முதலிடம். பாஸ்டன்காரர்களுக்கு ஒரு ஜோ மார்கன் கொள்ளி வைத்தார், பதின்மூன்று வருஷம் கழித்து இன்னொரு ஜோ மார்கன் விளக்கேற்றினார்.

இன்னொரு மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ். வில் ஸ்மித்தின் டாட்ஜர்ஸை 2020, 2024, 2025 மூன்றிலும் ஜெயிக்க வைத்தவர். ஜப்பானின் ஓக்கினாவாவில் பிறந்தவர். ஆடிய காலத்தில் கொஞ்ச நாள் சான் டியாகோவில் இருந்தார். அந்த அணிக்கு அவர் மூன்றாவது டேவ் ராபர்ட்ஸ். முதலாமவர் பிட்சர், இரண்டாமவர் 1972 தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்ட இன்ஃபீல்டர்.

அப்பா, பிள்ளை கணக்கை நான் சேர்ப்பதில்லை. கென் கிரிஃபி சீனியரும் ஜூனியரும் 1990 செப்டம்பர் 14 அன்று சியாட்டிலுக்காக அடுத்தடுத்து ஹோம் ரன் அடித்தது அழகுதான். 1975-ல் ஜோ மார்கன் அடித்த சிங்கிளில் ஓடி வந்து வெற்றி ரன்னைச் சேர்த்ததும் அந்த சீனியர்தான். ஆனால் அது வைத்த பெயர். எனக்கு வேண்டியது தானாக வந்து மோதும் பெயர்.

அப்படி மோதியதில் உச்சம் மேக்ஸ் மன்சி. டாட்ஜர்ஸின் மேக்ஸ் மன்சி 1990 ஆகஸ்ட் 25-ல் பிறந்தவர். அத்லெட்டிக்ஸின் மேக்ஸ் மன்சி 2002 ஆகஸ்ட் 25-ல் பிறந்தவர். பெயரும் ஒன்று, பிறந்த நாளும் ஒன்று. இரண்டு பேரையும் தேர்ந்தெடுத்தது அதே அத்லெட்டிக்ஸ். உறவு கிடையாது. 2025 மே மாதம் இரண்டு அணிகளும் மோதியபோது ஒரே ஆட்டத்தில் இரண்டு பேருமே ஹோம் ரன் அடித்தார்கள். ஜாதகக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் தயவு செய்து எனக்கு விளக்கவும்.

இனி என் கதை. இவ்வளவு பெயர் தெரிந்த பிறகும் நான் ஏமாந்த கதை.

2021-ல் இணையத்தில் ஒருவர் பிராங்க் தாமஸ் கையெழுத்திட்ட பந்து விற்றார். பிராங்க் தாமஸ்! சிகாகோ வைட் சாக்ஸ், 521 ஹோம் ரன், 1993, 1994 இரண்டு வருஷமும் லீகின் மதிப்புமிக்க வீரர், 2014-ல் ஹால் ஆஃப் ஃபேம். ஆறடி ஐந்து அங்குல மலை. விலையோ, ஒரு குடும்பம் ஓட்டலில் டிபன் சாப்பிடும் காசு. யோசிக்காமல் வாங்கினேன். விற்றவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். பிராங்க் தாமஸ் என்றுதான் எழுதியிருந்தார், அது உண்மைதான்.

பந்து வந்ததும் பெரியவரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். நீல மையில், பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் பழகியது போன்ற சாய்வான கூட்டெழுத்து. சிவப்புத் தையலை விரலால் தடவியபடி பந்தைச் சுழற்றி, அச்சடித்த எழுத்தை எனக்குக் காட்டினார். நேஷனல் லீக்.

“உன் ஆள் ஆடியது எல்லாம் அமெரிக்கன் லீக்” என்றார். 2000-க்கு முன்னால் இரண்டு லீகுக்கும் தனித்தனிப் பந்து. லீகின் பெயர் மேலேயே இருக்கும். வைட் சாக்ஸ், ஓக்லாண்ட், டொராண்டோ, அந்த மலை ஆடிய மூன்றும் அமெரிக்கன் லீக். நேஷனல் லீக் பந்தில் அவர் எதற்குக் கையெழுத்துப் போடுகிறார்? என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். எனக்கு வாய்த்தது முதல் பிராங்க் தாமஸ். 1929-ல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். பாதிரியாராகப் படிக்கப் போய் பேஸ்பாலுக்கு வந்தவர். 286 ஹோம் ரன். அதில் 34, அந்த 1962 மெட்ஸுக்காக.

“போலோ கிரவுண்ட்ஸில் நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது” என்று சொல்லிவிட்டுத்தான் மஞ்சள் டாங்கோ கதையைச் சொன்னார். சென்டர் ஃபீல்டில் ரிச்சி ஆஷ்பர்ன். ஷார்ட் ஸ்டாப்பில் வெனிசுவேலாக்காரர் எலியோ சகோன், ஆங்கிலம் வராது. இரண்டு பேருக்கும் நடுவில் விழும் பந்துக்கெல்லாம் மோதிக்கொண்டார்கள். பந்து எனக்கு என்பதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது என்று ஆஷ்பர்ன் கேட்டுப் பாடம் பண்ணிக்கொண்டார்: யோ லா தெங்கோ. அடுத்த பந்து வானத்தில். யோ லா தெங்கோ என்று கத்தினார் ஆஷ்பர்ன். சகோன் சமர்த்தாக ஒதுங்கினார். இடது பக்கம் இருந்து வந்த தாமஸ், ஸ்பானிஷ் ஒரு சொல் தெரியாத மனிதர், முழு வேகத்தில் வந்து ஆஷ்பர்னை இடித்துத் தள்ளினார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, அது என்ன யெல்லோ டாங்கோ, அதாவது மஞ்சள் டாங்கோ, என்று கேட்டாராம். பின்னாளில் ஒரு ராக் இசைக்குழு அந்த மூன்று சொல்லையே தன் பெயராக வைத்துக்கொண்டது.

பந்தைத் திருப்பி அனுப்பவில்லை. மேஜை மேல், மானிட்டருக்குப் பக்கத்தில், ஒரு காபி டம்ளர் வாயில் உட்கார்ந்திருக்கிறது.

2023 ஜனவரியில் ஒரு நாள் மீட்டிங் நடுவில் ஆபீஸ் நண்பரிடம் இருந்து செய்தி. பிராங்க் தாமஸ் போய்விட்டாராம், அதிர்ச்சியாக இருக்கிறது, 54 வயதுதானே என்று எழுதியிருந்தார். நான் வீடியோவை அணைத்துவிட்டுச் செய்தியைத் தேடிப் படித்தேன். 93 வயது. பிட்ஸ்பர்க்.

பெரிய தாமஸ் நன்றாக இருக்கிறார், பயப்பட வேண்டாம் என்று நண்பருக்குப் பதில் போட்டேன். போனது என்னுடையவர்.